தெரிந்தவர்கள்

சிகாகோவில் ஆகஸ்ட் மாத வெயில். பிள்ளைகளுக்குச் சாமான் வாங்கக் கடை கடையாக அலைந்த ஐரீன் என்ற பெண்ணுக்கு நடுத்தெருவில் தலை சுற்றுகிறது. வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் அவளை ஏற்றிக்கொண்டு, தேநீர் குடித்தால் தெளிந்துவிடும் என்று டிரேட்டன் ஓட்டலில் கொண்டுபோய் விடுகிறார். மொட்டை மாடியில் நல்ல காற்று. ஐஸ் போட்ட தேநீர் வருகிறது. மூச்சு சீராகிறது. அப்போதுதான் பக்கத்து மேசையில் இருக்கும் ஒருத்தி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது கண்ணில் படுகிறது. தொப்பி கோணலாக இருக்கிறதோ? பவுடர் திட்டுத்திட்டாக நிற்கிறதோ? எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணோ கண்ணை எடுப்பதாயில்லை. அப்புறம்தான் ஐரீனுக்கு அடிவயிற்றில் அந்தப் பயம் இறங்குகிறது. இவளுக்குத் தெரிந்துவிட்டதா? இந்த ஓட்டல் மாடியில், தன் கண்ணெதிரே ஒரு நீக்ரோப் பெண் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள் என்று தெரிந்துவிட்டதா?

நெல்லா லார்சன் 1929இல் எழுதிய 'பாஸிங்' நாவல் இப்படித்தான் சூடு பிடிக்கிறது. அப்படி உற்றுப் பார்த்தவள் கிளேர். ஐரீனோடு சின்ன வயதில் பழகியவள். அவளும் கறுப்பினப் பெண்தான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் காணாமல் போனவள், ஒரு வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரியாகவே வாழ்ந்துகொண்டிருக்கிறாள். ஐரீனைப் பார்ப்பவர்கள் இத்தாலியப் பெண், ஸ்பானியப் பெண், மெக்சிகோக்காரி என்று என்னவெல்லாமோ நினைப்பார்கள், கறுப்பினப் பெண் என்று மட்டும் நினைக்க மாட்டார்கள். அந்த மாடியில் இருந்த வெள்ளையர் ஒருவருக்கும் இந்த இரண்டு பேரைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான். ஒருத்தியின் வாழ்க்கை இன்னொருத்தியின் வாயில் இருக்கிறது.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னைப் பல மாதங்களாகத் தூங்க விடவில்லை. இந்த வகைக் கதைகளைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஓடிப் போனவரைப் பற்றியே பேசுகிறார்கள். ஏன் போனாள், குற்ற உணர்ச்சி இருந்ததா, மாட்டிக்கொண்டாளா. எனக்கோ தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்தவர்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள்.

முதலில் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த நாவலைப் பேச எடுத்தபோது, 'பாஸிங்' என்பதை, அதாவது தன் இனத்தை மறைத்து வேறு இனத்தவராக வாழ்வதை, தமிழில் எப்படிச் சொல்வது என்று திண்டாடினேன். ஆள்மாறாட்டம் என்றால் பரீட்சை ஹாலில் பிடிபட்டவன் ஞாபகம் வருகிறது. வேடம் என்றால் அதைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இவர்களுக்குப் போக வீடு கிடையாது. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். அவர் சொன்னார்: "வெள்ளைக்காரங்களா புழங்குறாங்கன்னு சொல்லுங்களேன்." எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டோம். 'அவங்க வீட்டோட நாங்க புழங்குறதில்ல' என்று எத்தனை வாயில் கேட்டிருக்கிறோம்! யார் எந்த வாசல்படி வரைக்கும் வரலாம், யார் கைத்தண்ணீர் குடிக்கலாம், யாருக்குப் பெண் கொடுக்கலாம், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு அதுதான் சொல்.

அமெரிக்காவில் அந்தக் காலத்துப் புழக்கத்தைச் சட்டம் போட்டே பிரித்து வைத்திருந்தார்கள். ரயில் பெட்டி, பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர்க் குழாய் என்று எல்லாவற்றிலும் இரண்டு. லூசியானா மாநிலம் 1890இல் ரயிலில் தனிப்பெட்டிச் சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட வேண்டும் என்று நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஒரு குடிமக்கள் குழு முடிவு செய்தது. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி. அவருடைய முன்னோரில் எட்டில் ஒரு பங்குதான் கறுப்பு இரத்தம். பார்த்தால் வெள்ளைக்காரர். 1892 ஜூன் 7ஆம் தேதி முதல் வகுப்பு டிக்கெட் வாங்கிக்கொண்டு வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். அவரை அப்படியே விட்டிருந்தால் கோவிங்டன் வரைக்கும் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பார். கைதாக வேண்டுமென்றால் தான் யாரென்று தானே சொல்ல வேண்டியிருந்தது. கண்டக்டர் கேட்டார், இவர் சொன்னார், குழு ஏற்பாடு செய்திருந்த துப்பறிவாளர் வந்து கைது செய்தார்.

பிரித்து வைக்கச் சட்டம் இருக்கிறது, ஆனால் யாரைப் பிரிப்பது என்று அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தக் குழு நீதிபதிகளின் முகத்துக்கு நேரே காட்ட நினைத்தது இதைத்தான். வழக்கறிஞர் ஆல்பியன் டூர்ஷே இன்னொன்றும் வாதாடினார்: வெள்ளையன் என்ற பெயரே இந்த நாட்டில் ஒரு சொத்து, அதை ஒரு ரயில் கண்டக்டர் பிடுங்கிக்கொள்ளலாமா என்று. உச்சநீதிமன்றம் 1896இல் ஏழுக்கு ஒன்று என்று அவரைத் தோற்கடித்தது. தனித்தனியாக வை, சமமாக வை, போதும் என்றது தீர்ப்பு. அது அசைய 1954 ஆயிற்று. பிளெஸ்ஸிக்கு லூசியானா ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2022இல். என்னைக் கேட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டிய பக்கம் வேறு.

வர்ஜீனியா இன்னும் ஒரு படி மேலே போனது. 1924இல் இனத் தூய்மைச் சட்டம் போட்டு, ஒரு துளி இருந்தாலும் நீ வெள்ளையன் இல்லை என்றது. பழங்குடித் தலைவனின் மகளான போகஹாண்டஸின் வம்சம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த பெரிய குடும்பங்களுக்கு மட்டும் பதினாறில் ஒரு பங்கு செவ்விந்திய இரத்தம் இருந்தால் பரவாயில்லை என்று விலக்கு. பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்த வால்டர் பிளெக்கர் என்பவர் இந்தச் சட்டத்தை ஒரு தவம் போலச் செய்தார். பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளுக்கும், அப்போதுதான் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் கடிதம் எழுதுவார்: நீ வெள்ளைக் குழந்தை என்று பதிவு செய்திருப்பது பொய், இதை வெள்ளையரோடு புழங்க விடக்கூடாது என்று. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தைப் பிரிக்கிற தாயை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிடிக்க வேண்டுமானால் காகிதம் வேண்டும், அல்லது காட்டிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். பிளெக்கரிடம் காகிதம் இருந்தது. காகிதம் இல்லாத இடத்தில் எல்லாமே தெரிந்தவர்களின் வாயைப் பொறுத்தது.

திரும்பவும் லார்சனுக்கு வருகிறேன். கிளேர் தன் ஓட்டல் அறைக்கு ஐரீனைத் தேநீருக்குக் கூப்பிடுகிறாள். அங்கே கெர்ட்ரூட் என்று இன்னொரு பழைய தோழியும் இருக்கிறாள். அவளும் வெள்ளைத்தோல் கறுப்பினப் பெண்தான், ஆனால் அவளுடைய வெள்ளைக்காரக் கணவனுக்கு விஷயம் தெரியும். மூன்று பேரும் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். மகள் மார்ஜரி பிறப்பதற்கு முன்னால் குழந்தை கறுப்பாக வந்துவிடுமோ என்று செத்துப் பிழைத்தேன், இனி ஒன்று வேண்டவே வேண்டாம் என்கிறாள் கிளேர். இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கணவன் ஜான் பெல்லூ உள்ளே வருகிறான். மனைவியைப் பார்த்து "ஹலோ, நிக்" என்கிறான். கறுப்பர்களைக் கேவலமாகச் சொல்லும் வார்த்தையின் சுருக்கம் அது. விருந்தாளிகளுக்கு விளக்கம் வேறு: கல்யாணம் ஆனபோது அல்லிப்பூ மாதிரி இருந்தாள், இப்போது வரவரக் கறுத்துக்கொண்டே போகிறாள், அதனால் செல்லமாக அப்படிக் கூப்பிடுகிறேன் என்று. கறுப்பர்கள் என்றாலே வெறுப்பு, என் குடும்பத்தில் அவர்கள் கிடையாது, இனிமேலும் இருக்க மாட்டார்கள் என்கிறான். அறையில் இருக்கும் மூன்று பெண்களும் கறுப்பினத்தவர். நான்கு பேரில் அது தெரியாதவன் அவன் ஒருவன்தான்.

ஐரீன் சிரிக்கிறாள். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். கிளேர் அவளைப் பார்க்கிற பார்வையில் அந்தச் சிரிப்பு நின்றுபோகிறது. அப்புறம் மரியாதையாகத் தேநீர் குடித்து, மரியாதையாக விடைபெற்று வெளியே வருகிறாள். ஒரு வார்த்தை போதும், அந்த அறையின் கூரையே இடிந்து விழுந்திருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு தன்னையே கேட்டுக்கொள்கிறாள். கிளேர் மேல் பிரியமா? அவ்வளவாக இல்லை. தன் இனத்துக்குச் செய்ய வேண்டியது என்ற ஏதோ ஒன்று அவள் நாக்கைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இனத்தை உதறிவிட்டுப் போனவளையும் அந்த இனத்தாள் என்பதற்காகவே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறது. லார்சன் அந்த இடத்தில் ஐரீனைப் பெரிய மனசுக்காரி ஆக்கவில்லை. கோபத்தோடு, அவமானத்தோடு அவளை ரயிலேற்றி நியூயார்க்குக்கு அனுப்பி வைக்கிறார்.

இந்தப் பக்கங்களைப் படித்த இரவு எனக்கு எங்கள் திருச்சி வீடு ஞாபகம் வந்தது.

1986. எனக்கு எட்டு வயது. நாங்கள் கீழ் போர்ஷனில், ஓனர் வீட்டை ஒட்டி இருந்தோம். நாங்கள் என்ன ஆட்கள் என்று ஓனருக்குத் தெரியும், அதனால்தான் எங்களுக்கு அங்கே வீடு கிடைத்தது. மாடியில் ஒரு அக்காவும் அவர் கணவரும் குடிவந்தார்கள். இருவரும் அரசு உத்தியோகம். அக்கா சிவந்த நிறம், புத்தகம் படிப்பது போல் சுத்தமாகப் பேசுவார். அம்மா தவறிவிட்டார், சின்ன வயதிலேயே, என்று ஓனரம்மாவிடம் சொல்லியிருந்தார். சில மாதம் கழித்து ஒரு பாட்டி வந்தார். ஊரிலிருந்து ஒத்தாசைக்கு வரவழைத்திருக்கிறோம் என்றார் அக்கா. பாட்டி நாள் முழுக்க மாடி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார், இல்லையென்றால் முறத்தில் அரிசி புடைப்பார். ஒரு நாள் கீழே இறங்கி வந்தவருக்கு என் அம்மா காப்பி கொடுத்தார். பாட்டி திண்ணையோரம் குந்தி உதட்டில் படாமல் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி, வாசல்படிக்கு வெளியே தரையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் சட்டென்று போய் டம்ளரை எடுத்து உள்ளே கொண்டுவந்து, எங்கள் டம்ளர்களோடு அடுக்கில் வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு நாள் ஓனரம்மாவும் இருக்கும்போது, "பாட்டி, மாடி அக்காவுக்கும் உங்களுக்கும் ஒரே மூக்கு" என்றேன். பாவாடைக்கு மேலேயே அம்மா என் தொடையைக் கிள்ளினார். அந்த வலி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சாதியும் இனமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அங்கே மூன்று நூற்றாண்டு அடிமை வியாபாரத்தில் பிறந்த ஒன்று; இங்கே கதை வேறு, கணக்கு வேறு. ஆனால் பெற்ற தாயை வேலைக்கார அம்மா என்று சொல்ல வைக்கிற கை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் கழுத்தில் விழுகிறது. மெர்ல் ஓபரான் என்ற நடிகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1936 ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகை விருதுக்கான பட்டியலில் இருந்தவர். டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரி என்று விளம்பரம். பிறந்தது பம்பாயில், 1911இல். அவரைத் தாயாக வளர்த்த சார்லட் இலங்கையில் பிறந்தவர், கறுத்த நிறம். உண்மையில் பாட்டி. மெர்லோடு ஒரே வீட்டில் இருந்த அந்த அம்மாளை வருகிறவர்களிடம் வீட்டு வேலைக்காரி என்று காட்டினார்கள் என்று சொல்வார்கள். அவர் இறந்து பல வருடம் கழித்து மெர்ல் ஓர் ஓவியரிடம் சார்லட்டின் உருவப்படம் வரையச் சொன்னார். படத்தில் தோலை வெளுப்பாக வரைய வைத்தார். அவரை எளிதில் திட்டிவிடலாம். நான் அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் வேறு ஒன்று தோன்றுகிறது: அம்மாவை ஒரு வழியாகச் சுவரில் மாட்டிவைக்க அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அது.

சரி, நாவல்களுக்குத் திரும்புகிறேன். பழைய கதைகளில் புழங்கிப் போனவளுக்குச் சாவு நிச்சயம், அல்லது அம்மாவின் பிணத்தின் மேல் விழுந்து அழ வேண்டும். 1934இல் வந்த ஒரு பிரபலமான ஹாலிவுட் படம் அப்படித்தான் முடிகிறது. அதில் மகளாக நடித்த ஃபிரெடி வாஷிங்டன் நிஜத்தில் வெள்ளைக்காரியாகவே புழங்கியிருக்கலாம், அவ்வளவு வெளுப்பு. அவர் மாட்டேன் என்று சொல்லி, கறுப்பின நடிகர்களுக்காகச் சங்கம் நடத்தினார். பார்க்கிறவர்களுக்கு அந்த மகளைத் தண்டித்தால்தான் திருப்தி, எழுதுகிறவர்களுக்கும்தான். இந்த வழக்கத்தை உடைத்ததால் பிரிட் பென்னட் எனக்கு முக்கியமானவர். அவருடைய 'தி வானிஷிங் ஹாஃப்' 2020இல் வந்தது. லூசியானாவில் மாலார்ட் என்று ஒரு கற்பனை ஊர். வெளுத்த தோல் உள்ள கறுப்பர்கள் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொடுத்து, தலைமுறைக்குத் தலைமுறை இன்னும் வெளுக்க வேண்டும் என்று உண்டாக்கிய ஊர். அங்கிருந்து 1954இல் இரட்டைச் சகோதரிகள் நியூ ஆர்லியன்ஸுக்கு ஓடுகிறார்கள். ஸ்டெல்லா ஒரு பெரிய கடையில் வேலைக்குப் போகிறாள், வெள்ளைக்காரி என்று நினைத்து எடுத்துக்கொள்கிறார்கள், முதலாளியையே கட்டிக்கொண்டு மறைந்துபோகிறாள். டெஸிரே 1968இல் நல்ல கறுப்பு நிற மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி நடந்து வருகிறாள்.

அந்த நாவலில் நான் மூன்று தடவை திரும்பப் படித்த இடம் வேறு. லாஸ் ஏஞ்சலஸில் வசதியான வெள்ளையர் குடியிருப்பில் ஸ்டெல்லா வாழ்கிறாள். எதிர் வீட்டை ஒரு கறுப்பினக் குடும்பம் வாங்கப்போகிறது என்று செய்தி வர, குடியிருப்போர் கூட்டம் நடக்கிறது. என்றைக்கும் வாய் திறக்காத ஸ்டெல்லா எழுந்து, அவர்களை உள்ளே விடக்கூடாது என்று கத்துகிறாள். கணவனே மிரண்டுபோகிறான். அவள் வெறுப்பினால் கத்தவில்லை, பயத்தினால் கத்துகிறாள். வெள்ளையர் நூறு பேர் நடுவில் அவள் பத்திரம். எதிர் வீட்டுக்கு ஒரே ஒரு கறுப்பினப் பெண் வந்தால் போயிற்று. தன் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். அப்புறம் என்ன செய்கிறாள் தெரியுமா? அதே எதிர் வீட்டுப் பெண்ணைத் தேடிப் போய், கணவன் இல்லாத நேரத்தில் அவள் வரவேற்பறையில் உட்கார்ந்து பேசுகிறாள். அவளால் போகாமல் இருக்க முடியவில்லை. கிளேரும் அப்படித்தான், எல்லா ஆபத்தையும் மீறி ஐரீன் வீட்டு விருந்துகளுக்கு வந்துகொண்டே இருக்கிறாள். தன்னைத் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும் என்கிற பசி அது. அந்தத் தெரிந்தவரே காட்டிக்கொடுக்கவும் முடியும்.

லார்சன் நாவலின் கடைசிப் பகுதியில் ஐரீனின் மௌனம் நிறம் மாறிவிடுகிறது. தன் கணவனும் கிளேரும் நெருக்கமாகிவிட்டார்கள் என்று அவளுக்குச் சந்தேகம். ஒரு நாள் தெருவில், கறுத்த நிறமுள்ள தோழியின் கையைக் கோத்துக்கொண்டு நடக்கும்போது பெல்லூ எதிரே வந்துவிடுகிறான். அவன் முகத்தில் விஷயம் புரிவதை ஐரீன் பார்க்கிறாள். இப்போது கிளேரிடம் ஓடிப்போய் எச்சரிக்க வேண்டும். சொல்லவில்லை. கணவனிடமும் சொல்லவில்லை. அடுத்து ஒரு விருந்து, மேல்மாடி, திறந்த ஜன்னல், கதவைத் தள்ளிக்கொண்டு வரும் பெல்லூ. கிளேர் கீழே விழுகிறாள். தானாக விழுந்தாளா, ஐரீன் கை பட்டதா, லார்சன் சொல்லவே இல்லை. ஆரம்பத்தில் காப்பாற்றிய அதே வாய் மூடல் இங்கே கொல்கிறது. கிளேர் செத்தாள் என்பதை விட இதுதான் எனக்குக் கனமாக இருக்கிறது.

வரலாற்றுப் புனைவு என்று வரும்போது ஒரு சிக்கல் உண்டு. நன்றாகப் புழங்கியவர்கள் தடயம் விடுவதில்லை. பெல் டா கோஸ்டா கிரீன் என்று ஒரு பெண்மணி. கோடீஸ்வரர் ஜே.பி. மார்கனின் நூலகத்தை உருவாக்கியவர், 1924இல் அந்த நூலகத்தின் முதல் இயக்குநர். பழைய கையெழுத்துப் பிரதிகளின் ஏல உலகத்தில் அவர் பெயரைக் கேட்டால் பெரிய மனிதர்களே எழுந்து நிற்பார்களாம். போர்த்துகீசிய வம்சம் என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் ஹார்வர்டில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ரிச்சர்ட் கிரீனரின் மகள். தகப்பன் சமஉரிமைக்குப் பேசியவர். அந்தப் பெயரில் இருந்த கடைசி எழுத்தை வெட்டிவிட்டு மகள் வாழ்ந்தார். 1950இல் இறப்பதற்கு முன் தன் கடிதங்களை எரித்துவிட்டார். ஆனால் அவர் கலை வல்லுநர் பெரன்ஸனுக்கு எழுதிய கடிதங்களை அந்த மனிதர் பத்திரமாக வைத்திருந்தார். தன் கையில் இருந்ததைத்தானே எரிக்க முடியும்?

அவரைப் பற்றி 2021இல் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு நாவல் எழுதினார்கள், ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பினத்தவர். இறந்தவர் மறைத்ததை இன்னொருவர் எடுத்து எழுதலாமா என்று எங்கள் வட்டத்தில் கடுமையாகச் சண்டை போட்டோம். அவர் எரித்தார் என்றால் வேண்டாம் என்றுதானே அர்த்தம் என்றார் ஒரு நண்பர். நியாயம்தான். ஆனாலும் நான் நாவலாசிரியர்களின் பக்கம். எரித்தது அவர் விருப்பம் என்று எப்படிச் சொல்வது? எரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சட்டமே எழுதி வைத்திருந்த நாட்டில் அவர் எரித்தார். ஆவணக் காப்பகத்தில் அந்த இடம் வெறும் சாம்பல். சாம்பலை வைத்து வரலாற்றாசிரியர் எழுத முடியாது, கதை எழுதுகிறவர் முயன்று பார்க்கலாம். அந்தக் கதையில் அவர் அம்மாவுக்கும் அவருக்கும் நடக்கும் பேச்சை என்னால் பொய் என்று ஒதுக்க முடியவில்லை. வீடு முழுக்கச் சேர்ந்துதான் அந்தப் பெயர் மாற்றத்தைச் செய்தது. அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒருவர் தடுமாறினாலும் எல்லோரும் போயிற்று.

எதிர்ப்பக்கமாகப் புழங்கிய ஒருவரையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வால்டர் வைட். மஞ்சள் முடி, நீலக்கண், வெள்ளைத்தோல். கறுப்பர்களின் உரிமைக்கான பெரிய சங்கத்துக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உழைத்தவர், அதன் தலைமைச் செயலாளராகவே இறந்தவர். கறுப்பர்களைக் கும்பல் அடித்துக் கொன்ற ஊர்களுக்குப் போய், வெள்ளைக்காரனாகவே உட்கார்ந்து, கொன்றவர்கள் வாயாலேயே கதையைக் கேட்டு எழுதுவார். 1919இல் ஆர்கன்ஸாவில் விஷயம் கசிந்து, தப்பி ரயிலேறினார். டிக்கெட் வாங்க வந்த கண்டக்டர் அவரிடமே, இங்கே ஒரு கறுப்பன் வெள்ளைக்காரன் மாதிரி திரிகிறானாம், பையன்கள் அவனைப் பிடிக்கப் போகிறார்கள், வேடிக்கையைப் பார்க்காமல் போகிறீர்களே என்று ஆதங்கப்பட்டாராம். அவருடைய அப்பா அட்லாண்டாவில் தபால்காரர். 1931இல் கார் மோதி நினைவில்லாமல் கிடந்தவரை வெள்ளையர் வார்டில் சேர்த்து நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறவினர் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். அவர் கறுத்த நிறம். அவ்வளவுதான். படுத்திருந்தவரை மழையில் சாலைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டுபோய்க் கறுப்பர் வார்டில் போட்டார்கள். அங்கேதான் இறந்தார். அந்த உறவினரை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. பாசத்தில் ஓடி வந்தவர். தன் முகமே காட்டிக்கொடுக்கும் என்று அவருக்கு அப்போது தோன்றியிருக்காது.

வரலாற்றாசிரியர் அலிசன் ஹாப்ஸ் தன் சொந்தக் குடும்பத்திலேயே கேட்ட ஒரு கதையை எழுதியிருக்கிறார். சிகாகோவில் பள்ளிப்படிப்பு முடித்த ஒரு வெளுத்த பெண்ணை, நீ கலிஃபோர்னியாவுக்குப் போய் வெள்ளைக்காரியாக வாழ் என்று அம்மாவே அனுப்பி வைக்கிறார். பெண் அழுது மறுத்தும் விடவில்லை. அங்கே கல்யாணம், பிள்ளைகள். சுமார் பத்து வருடம் கழித்து அம்மா போன் செய்கிறார்: அப்பா சாகக் கிடக்கிறார், உடனே வா. என்னால் வர முடியாது, நான் இப்போது வெள்ளைக்காரி என்கிறாள் மகள். அனுப்பியதும் அம்மா, கூப்பிட்டதும் அம்மா.

ரெபெக்கா ஹால் 2021இல் லார்சன் நாவலைப் படமாக்கினார். அவருடைய தாத்தாவே அமெரிக்காவில் வெள்ளைக்காரராகப் புழங்கிய கறுப்பினத்தவர். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. அதில் எல்லோர் தோலும் சாம்பல்தான், வெளிச்சம் கூடினால் வெளுப்பு, குறைந்தால் கறுப்பு. போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் படத்தை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லச் சொல்லப் பார்த்தார். பெல்லூ வருகிற காட்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். படம் முடிந்ததும் கேட்டேன்: "ஏம்மா, மாடி அக்கா விஷயம் உனக்கு அப்பவே தெரியும்தானே? ஒரு தடவையாவது அவங்ககிட்ட கேட்டியா?"

"எப்படிடி கேக்குறது? கேட்டா எனக்குத் தெரியும்னு ஆயிடாதா? அப்புறம் அவ எப்படி நிம்மதியா மாடிப்படி ஏறுவா?"

அப்புறம் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். பாட்டி ஊருக்குத் திரும்பிப் போன அடுத்த வருடம் ஒரு தந்தி வந்ததாம். அக்கா ஆபீஸில். தபால்காரர் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டார். ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை, அம்மாவுக்கே படிக்கத் தெரிந்த வார்த்தைகள்: தாயார் காலமானார். ஓனரம்மா வாசலுக்கு வந்து என்ன தந்தி என்று கேட்க, அவர் வீட்டுக்காரருக்கு மாற்றல் விஷயமாம் என்று சொல்லிவிட்டு அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். சாயங்காலம் அக்கா கையில் கொடுத்தபோது, கவர் பிரிந்திருப்பதை அக்கா பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அன்று இரவே அக்காவும் கணவரும் கிளம்பிப் போனார்கள்.

மூன்றாம் நாள் காலை திரும்பி வந்தார்களாம். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கி வந்தார். தலை நிறைய மல்லிகைப்பூ. முகத்தில் பவுடர். ஓனரம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றவர், "என்னம்மா, பூ இவ்வளவு வாசமா இருக்கு, எங்கே வாங்கினே?" என்று கேட்டார்.

"நான் என் குடத்தைத் தள்ளி வெச்சு, முதல்ல நீ பிடிச்சுக்கோம்மான்னு அவளைக் கூப்பிட்டேன்" என்றார் அம்மா.